முதல் சாமான், பிறகு கதை

என் கல்யாணத் தாலியை நான் ஒரு பழுதான ரைஸ் குக்கருக்குள் ஒளித்து வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால், அதுவரை என்னைப் புத்திசாலி என்று நினைத்துப் படித்தவர்கள் மனம் நொந்துபோவார்கள். அப்படி நினைக்கிறவர் உலகத்தில் அம்மா ஒருத்திதான் இருந்தாள். விஷயம் தெரிந்த அன்று அவளும் நிறுத்திக்கொண்டாள்.

ஒளித்து வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது நான் சிட்னியில், பென்டில் ஹில்லில், முருகேசன் அண்ணன் வாடகைக்கு எடுத்து எங்களைப் போன்றவர்களுக்கு அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் இருந்தேன். கல்யாணம் மெல்பர்னில், கேரம் டவுன்ஸ் கோயிலில். பெண் வீடு அங்கேதான். அம்மாவும் அப்பாவும் முதன்முறையாக விமானம் ஏறப்போகிறவர்கள். ஏர்போர்ட்டில் என்ன கேட்பார்களோ, எதைப் பிடுங்குவார்களோ என்று பயந்து, முன்னாலேயே சிட்னிக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கையில் அம்மா தாலியைக் கொடுத்தனுப்பிவிட்டாள். "பத்திரமா வைய்யி" என்று தினமும் போன். நான் திருடனின் மூளையோடு யோசித்தேன். திருடன் லேப்டாப்பை எடுப்பான், பெட்டியைக் கிளறுவான். சுவிட்ச் உடைந்து ஒரு பக்கம் நசுங்கிய குக்கரை எந்தத் திருடனும் சீண்டமாட்டான். மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு சின்னத் தகர டப்பியில் போட்டு, டப்பியைக் குக்கருக்குள் வைத்து மூடினேன். அன்றைக்கு என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தக் குக்கரை எனக்கு மீட்டுத் தந்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்காமல் தன் பெயரை எடுத்தேன் என்று தெரிந்தால், தள்ளுவண்டியோடு வந்து வாசலில் நின்று அதையும் திருப்பிக் கேட்பார்.

எல்லோருக்கும் அவர் அன்ரி; எங்கள் ஊர்ப் பேச்சில் ஆன்ட்டி. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு யூனிட்டில் தனியாக இருந்தார். பருத்திச் சேலை, அதன்மேல் ஆண்கள் போடும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலில் வெள்ளை நிற ஷூ, அவர் பேச்சில் சப்பாத்து. கையில் எந்நேரமும் இரண்டு சக்கரம் வைத்த, நீலக் கட்டம் போட்ட துணிப்பைத் தள்ளுவண்டி. மற்ற அன்ரிமார் அப்படிப்பட்ட வண்டியில் வெங்காயமும் கீரையும் இழுத்துவருவார்கள். இவர் வண்டியில் ஊரார் சாமான்கள் வரும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் சட்டம் படித்து, சிட்னிக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து சட்டம் படித்து, ஓய்வு பெறும்வரை வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் பார்த்துக் கொடுத்த லாயர் அவர். "ஒரு நல்ல வழக்கு வரேல்ல தம்பி என்ர வாழ்க்கையில. எல்லாம் வேலியும் தண்ணிக் குழாயும்" என்பார். சட்டத்தில் அவர் மனதைப் பறிகொடுத்தது ஒரே ஒரு சொல்லிடம்தான். மாணவியாக இருந்தபோது ஒரு வகுப்பில் கேட்டு, அதன்பிறகு எந்தக் கோர்ட்டிலும் பயன்படாமல் போன கிழட்டுச் சொல். ரெப்ளெவின். அவர் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் குழையும். நான் முதன்முறை கேட்டபோது மூட்டுவலி மாத்திரை என்று நினைத்தேன். அப்படியே அவரிடம் கேட்டும்விட்டேன்.

"மாத்திரை இல்லை, மாடு" என்றார் அன்ரி. "அந்தக் காலத்து இங்கிலாந்தில நிலக்காரன் வாடகைப் பிணக்கில குடியானவன்ர மாட்டைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவான். சரியோ பிழையோ, வழக்கு முடிய எத்தினை காலம் செல்லும்? அது வரைக்கும் மாட்டில ஆர் பால் கறக்கிறது? அதுக்குத்தான் ரெப்ளெவின். ஒரு ஈட்டை வைச்சிட்டு மாட்டை முதல் திருப்பி எடுக்கலாம். பிறகு நிண்டு வழக்காடோணும். முதல் சாமான், பிறகு கதை. விளங்குதோ?"

"இப்பவும் அந்தச் சட்டம் இருக்கா அன்ரி?"

"இப்ப வேற பேரில வேற சட்டம் இருக்கு. அதில சாமானுக்குப் பதிலா காசைக் குடுத்துத் தப்பலாம். இது எவ்வளவு வடிவான சட்டம்!" என்று சொல்லிவிட்டு, யாரோ இறந்துபோனவரைப் பற்றிப் பேசியதுபோல ஒரு பெருமூச்சு விட்டார்.

செத்துப்போன அந்தச் சட்டத்தை அவர் பென்டில் ஹில்லில் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். நான் அதை முதலில் கண்டது எங்கள் வீட்டு வாசலில்தான். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார். முருகேசன் அண்ணனின் மனைவி செல்வி அக்கா திறந்தாள்.

"பிள்ளை, இஞ்ச ஒரு இட்லிச் சட்டி நிக்குது. அது அடுத்த தெருவில இருக்கிற டாக்டர் பிள்ளையின்ர."

செல்வி அக்கா முகம் சிவந்துபோனாள். பொங்கலுக்கு இரவல் வாங்கியது. தீபாவளியே நெருங்கிவிட்டது. "குடுக்கக்கூடாதுன்னு இல்ல அன்ரி. வெறுஞ்சட்டியாக் குடுக்கக்கூடாதுல்லா? அதிரசம் சுட்டுப் போட்டுக் குடுப்போம்னு பாத்தேன். எங்க, வேலைக்குப் போயிட்டு வந்தா நேரமே இல்ல."

"நீர் எப்ப அதிரசம் சுடுறது, அந்தப் பிள்ளை எப்ப இட்லி அவிக்கிறது? சட்டியை எடுத்துக்கொண்டு வாரும்."

சட்டி வந்தது. அன்ரி கைப்பைக்குள் இருந்து, காப்பிக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்னச் சீனிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கிழித்துச் சட்டிக்குள் கொட்டினார். "இப்ப இது வெறுஞ்சட்டி இல்லை." சட்டி வண்டிக்குள் இறங்கியது. வண்டி கடகடவென்று போய்விட்டது.

"எங்கட சனத்தில கள்ளர் குறைவு தம்பி. பலகாரம் சுட நேரமில்லாத ஆக்கள்தான் கூட" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வண்டியில் அடங்காத சாமானுக்கு ஆள் பிடிப்பார். ஒருமுறை நான் கடையில் கொத்தமல்லித்தழை பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். அவருடைய ஏணியை ஒரு தமிழ்க் குடும்பம் கூரையில் இலை அள்ள வாங்கிப்போய், தன் வீட்டுச் சுவரோடு சாய்த்து வைத்து, அதில் பாகற்கொடியும் படரவிட்டுவிட்டது. அன்ரி கொடியை ஒரு கயிற்றுக்குப் பக்குவமாக மாற்றிக் கட்டிவிட்டு ஏணியின் முன்பக்கத்தைப் பிடித்தார். பின்பக்கம் நான். சேலையும் சப்பாத்துமாக அவர் முன்னே நடக்க, மூச்சு வாங்கியது எனக்குத்தான். கிழவர் அன்ரிக்கு நன்றி சொல்லி ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்தார். அன்ரி அதில் பாதியைப் பாகற்கொடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "கொடி நல்லா காய்க்கும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு ஒரு பழம். ஏணியின் கனத்துக்கு அது போதாது என்று நான் முணுமுணுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாச் சாமானையும் மீட்க மாட்டார். ஓர் அம்மா வந்து, விவாகரத்து வாங்கிப் போன மருமகளிடம் தான் போட்ட வளையல்களை வாங்கித் தரச்சொல்லி அழுதார். அன்ரி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அழுகை முடியும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "அக்கா, அது அவ எடுத்ததோ, நீங்கள் குடுத்ததோ?" என்று கேட்டார். அந்த அம்மா தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டார். "குடுத்தது எண்டா நான் வரேலாது" என்று சொல்லி, அன்ரி பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

இனி குக்கருக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது நான் அந்த வீட்டைக் காலி செய்தேன். நண்பனின் சின்னக் காரில் இரண்டு நடையாகச் சாமானை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். முதல் நடையில் விலைமதிப்பற்ற பொருள்களை ஏற்றினேன். அதாவது வீடியோ கேம் பெட்டி, பெரிய ஸ்பீக்கர், டம்பெல். இரண்டாவது நடைக்குப் போனபோது முருகேசன் அண்ணன் என் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் மூலையில் விரித்து வைத்திருந்த பாயை அவர் சுருட்டிவிட்டிருந்தார். பாய்க்குக் கீழே கார்பெட்டில், என் சாம்பார் ஆஸ்திரேலியா வரைபடம் போலப் பரந்து கிடந்தது.

"ஏல, என்னலே இது? வீட்டுக்காரன் பாத்தான்னா என்னயல்லா தொங்கவிடுவான்! கார்பெட்டுக்கு ஒரு வழி சொல்லு, அப்பறம் மிச்சச் சாமான எடு." மிச்சச் சாமானைக் கராஜின் தூசி படிந்த கடைசி மூலைக்குள் தள்ளி, முன்னால் தன் பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார். ஒரு போர்வை, ஒரு மேசை விளக்கு, குக்கர்.

முருகேசன் அண்ணன் கெட்டவர் அல்லர். உள்ளே தாலி இருக்கிறது என்று சொன்னால் அடுத்த நிமிடம் எடுத்துக் கொடுத்திருப்பார். அதற்கடுத்த நிமிடம் செல்வி அக்கா ஊருக்கு போன் போட்டிருப்பாள். அவளும் எங்கள் ஊர்தான். அம்மாவோடு தினமும் பேசுகிறவள். தாலி குக்கருக்குள் கிடந்தது, அதுவும் சாம்பார்க் கறைக்குப் பிணையாகக் கராஜில் பூட்டிக் கிடந்தது என்று கேட்டால் அம்மா அதைச் சகுனம் என்பாள். அம்மா சகுனம் என்று ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு பூனை குறுக்கே போனதற்காக என் அக்காவின் நிச்சயதார்த்தத்தையே ஒரு மாதம் தள்ளிவைத்தவள். பெண்ணின் அப்பாவோ, என்னை முதல் நாள் பார்த்ததிலிருந்தே தள்ளிவைக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

நான் அன்ரி வீட்டுக்கு ஓடினேன். "அன்ரி, என் குக்கர்! அதுல என்ன இருக்குன்னா..."

"பொறும். குக்கர் உம்மடதோ?"

"என்னோடதுதான். ஆனா அதுக்குள்ள..."

"அவர் ஏன் வைச்சிருக்கிறார்?"

கார்பெட் கதையைச் சொன்னேன். அன்ரியின் கண் விரிந்தது. வாடகைக்கு விட்டவன் குடியிருந்தவனின் சாமானைப் பிடித்து வைத்திருக்கிறான். காலமெல்லாம் காத்திருந்த வழக்கு அவர் வாசலுக்கே வந்திருந்தது. கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டார். "மாடு!" என்றார்.

"அன்ரி, ஒரு நிமிஷம், அதுக்குள்ள..."

"முதல் சாமான், பிறகு கதை. நடவும்."

முருகேசன் அண்ணன் அன்ரியைக் கண்டதும் வாசலிலேயே தணிந்துவிட்டார். "அந்த ஓட்டைக் குக்கருக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அது எல்லாத்துக்கும் பின்னால கிடக்கு அன்ரி. கராஜையே கவுத்தாத்தான் எடுக்கலாம். எங்கிட்ட புதுசு ஒண்ணு பெட்டி பிரிக்காம இருக்கு. தம்பி அத எடுத்துட்டுப் போட்டும், அவனுக்குக் கல்யாணப் பரிசா இருக்கட்டும்."

எவ்வளவு நல்ல மனுஷன்! இந்த நல்ல மனசுதான் என்னைக் கொன்றது. காரணம் எதுவும் தோன்றாமல், "பழசே போதும்ணே" என்றேன்.

செல்வி அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "புதுசு வேண்டாமா? அந்தப் பழசுல அப்படி என்ன இருக்கு?"

"அது வந்து அக்கா... உள்ள..." என் வாய் திறந்துவிட்டது. என் வாய்க்கு அந்தப் பழக்கம் உண்டு.

"தம்பி, வாயை மூடும்" என்றார் அன்ரி. பிறகு முருகேசன் அண்ணன் பக்கம் திரும்பினார். "மாட்டுக்குப் பதிலா வேற மாடு குடுக்கேலாது. அதே மாடு வேணும். ஏன் வேணும் எண்டு அவர் சொல்லத் தேவையில்லை. அவற்ற சாமான், அவருக்கு வேணும். முடிஞ்சுது."

கராஜ் கவிழ்ந்தது. பெட்டிகள் இறங்கின, ஒரு தையல் மெஷின் இறங்கியது, போன வருடத்துக் கொலுப்படி இறங்கியது. கடைசியில் என் குக்கர், தூசியோடு. முருகேசன் அண்ணன் அதைத் தூக்கியபோது உள்ளே டொக் என்றது. என் இதயமும் சேர்ந்து டொக் என்றது.

"உள்ள என்னமோ உருளுதே" என்றாள் செல்வி அக்கா.

"பழசு எண்டா உருளத்தான் செய்யும். எனக்கும் முழங்கால் உருளுது" என்றார் அன்ரி.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செல்வி அக்கா நல்ல குடும்பத்துப் பெண். "இருங்க, கல்யாணப் பையன், வெறும் பாத்திரமாக் கொண்டுபோகக்கூடாது. அன்ரி சொல்லித்தந்ததுதான்" என்று உள்ளே ஓடி, ஒரு கரண்டி நிறையச் சீனியோடு வந்தாள். மூடியின் பிடியில் கை வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திருநெல்வேலியில் அம்மா வீட்டுப் போன் மணி அடிப்பது எனக்குக் காதில் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அன்ரியின் கை மூடியின்மேல் இருந்தது. செல்வி அக்காவின் கைக்கு மேலே, கனமாக.

"பிள்ளை, சீனி போடுறது இரவல் சட்டிக்கு. இது அவற்ற சொந்தச் சாமான். சொந்தச் சாமானுக்குச் சீனி போடுறேல்ல."

அப்படி ஒரு சாத்திரம் எங்கேயும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்ரி சொன்ன தொனியில் செல்வி அக்கா நம்பிவிட்டாள். கரண்டிச் சீனியை என் வாயில் போட்டாள். நல்லவேளை, அது என் வாயையும் அடைத்தது.

பிறகு அன்ரி செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. தன் நீலக்கட்ட வண்டியை முருகேசன் அண்ணனின் பக்கம் தள்ளிவிட்டார். "இது ஈடு. தம்பி திரும்பி வந்து கார்பெட் கதையைக் கதைச்சு முடிக்கும்வரைக்கும் இது உங்களிட்ட நிக்கட்டும்."

"ஐயோ அன்ரி, வேண்டாம்!" என்று நானும் முருகேசன் அண்ணனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றார். வண்டி இல்லாமல், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவரைப் போல, கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நான் குக்கரைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் ஓடினேன். "அன்ரி, இப்பவாவது கேளுங்க. இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?"

"இன்னும் கதை முடியேல்ல. முதல் கார்பெட்டைப் பாரும்."

அவர் என் பக்கம் வழக்காட வந்தார் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் மறுநாள் என் பழைய அறைக்கு வந்து கறையை முட்டுக்காலிட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "இது உம்மட சாம்பார்தான். பிழை உம்மில. கழுவும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். வாடகைக்கு மெஷின் எடுத்துக் கழுவினேன். கறை போய்விட்டது. போன இடம் பளிச்சென்று ஆனதில், மிச்சக் கார்பெட் எவ்வளவு அழுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அறை முழுக்கக் கழுவினேன். அறை பளிச்சென்று ஆனதும் ஹால் அழுக்காகத் தெரிந்தது. ஹாலையும் கழுவினேன். செல்வி அக்கா நடுநடுவே காப்பி கொடுத்து, "அந்த மூலையும் கொஞ்சம் பாரு" என்றாள். நான் அழுக்குத் தண்ணீரில் நின்ற அந்த நாள்களில் அன்ரி கைவீச்சாகக் கடைக்குப் போய், ஒரு நேரத்துக்கு ஒரு பை என்று தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ கேட்டதற்கு, "வண்டி கோர்ட்டில நிக்குது" என்று சொன்னாராம்.

வண்டியைக் கொண்டுபோய் அவர் கதவடியில் விட்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். உள்ளே இருப்பதைச் சொல்லவும்தான். அவர் அப்போதே வண்டியைப் பிடித்துவிட்டார். யாரோ ஒருத்தியின் தேங்காய் துருவியை இன்னொருத்தி பல மாதமாக வைத்திருக்கிறாளாம். "வழியை விடும் தம்பி. கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நல்லபடியாக நடந்தது. கேரம் டவுன்ஸில், மழை பெய்த ஒரு காலையில், அந்தத் தாலியைத்தான் கட்டினேன். அதே தாலி. புதிதாக ஒன்று செய்திருக்கலாம், அதுவும் தங்கம்தான். ஆனால் அம்மா தன் தாலியிலிருந்து ஒரு குண்டுமணி எடுத்து அதில் சேர்த்திருந்தாள் என்பது கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா அதைச் சொன்னபோது, நீலக்கட்ட வண்டியைத் தள்ளிவிட்டுக் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்த அந்த உருவம்தான் என் கண்ணில் வந்தது.

ரகசியத்தை நான் எவ்வளவு நாள் காப்பாற்றினேன் என்று கேட்பீர்கள். மாலை மாற்றிப் புகைப்படம் எடுக்க நின்றபோதே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரிப்பது அதற்குத்தான். சாப்பாட்டுப் பந்தியில் மைத்துனனிடம் சொன்னேன். அம்மா ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்குள் அவளிடமும் நானேதான் உளறினேன்.

அதன்பிறகு மெல்பர்னிலேயே தங்கிவிட்டோம். அன்ரிக்கு வருடப்பிறப்புக்கு ஒரு போன் போடுவேன். சுகம் கேட்பார், வைத்துவிடுவார். போன தைப்பூசத்துக்குத்தான் அவரை மறுபடி நேரில் பார்த்தேன். மகளோடு கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வந்திருந்தார். அதே கம்பளிச் சட்டை. சாப்பிடும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். வண்டி இல்லை. கையில் ஊன்றுகோல்.

என் மனைவியை முன்னால் நிறுத்தி, கழுத்தில் கிடந்ததைக் காட்டி, கதை முழுவதையும் சொன்னேன். திருடனின் மூளையிலிருந்து செல்வி அக்காவின் கரண்டிவரை. நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது எனக்கு. அன்ரி வடையை முடித்து, விரல்களைத் துடைத்து, என் மனைவியின் கழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு புருவம்கூட உயரவில்லை.

"அன்ரி, உள்ளே என்ன இருக்குன்னு அன்னைக்கு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கவே இல்லையே, ஏன்?"

"கேட்டா நீர் சொல்லிப்போடுவீர்."